வெளிச்சம் இல்லாத இடத்திலும் உயிர் வாழும்: செர்ஜி வினோகிராட்ஸ்கியின் கதை

யாழ்ப்பாணத்து வீடுகளில் கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாங்கிச் சில மாதங்களுக்குள்ளேயே அடியிலும் பக்கங்களிலும் வெள்ளையாக ஒரு படை கட்டிவிடும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால் நுரைத்துக் கழரும். அந்தப் படை கல்சியம் காபனேற்று. எங்கள் கிணறுகளுக்குக் கீழே இருக்கும் சுண்ணக்கல் தண்ணீரில் கரைந்து, அடுப்பில் சூடேறும்போது மறுபடியும் கல்லாக மாறுகிறது.

உலகின் சுண்ணக்கல் குகைகளில் நடப்பதும் இதேதான். அங்கே அடுப்பு இல்லை, அவசரமும் இல்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வேர்களும் மண்ணில் வாழும் நுண்ணங்கிகளும் வெளிவிடும் காபனீரொட்சைட்டை அது உறிஞ்சிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைத்துக்கொண்டு வெடிப்புகள் வழியாகக் கீழே போகிறது. குகையின் கூரையை அடைந்து ஒரு துளியாகத் தொங்கும்போது காபனீரொட்சைட்டு காற்றில் கலந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு துளியின் விளிம்பில் படிகிறது. துளி விழுகிறது; அடுத்த துளி வருகிறது. கூரையிலிருந்து தொங்கும் கல்லூசி ஒன்று பொதுவாக ஓர் ஆண்டில் 1 மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு அளவே வளரும்.

நீண்ட காலம் இதை வெறும் இரசாயனமாகவே எல்லோரும் பார்த்தார்கள். வெளிச்சமே இல்லாத இடம், செடி இல்லை, உணவு இல்லை. அங்கே தண்ணீரும் கல்லும் தவிர வேறென்ன இருக்க முடியும் என்பதே பொதுவான எண்ணம். இன்று அந்தத் துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் பற்றீரியாக்கள் தெரிகின்றன. அவற்றில் சில, சூரியனையோ வேறு உயிர்களின் உடலையோ எதிர்பார்க்காமல், கல்லிலும் நீரிலும் உள்ள கனிமங்களையே எரித்து வாழ்கின்றன. அப்படியொரு வாழ்க்கை இருக்கிறது என்று முதன்முதலில் காட்டியவர் செர்ஜி வினோகிராட்ஸ்கி.

கிணற்று நீர் பற்றிய ஒரு கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பெயர் எனக்குத் தட்டுப்பட்டது. நான் படித்தது ஊடகக் கற்கை, விஞ்ஞானம் அல்ல. அவருடைய ஆய்வுகளைப் புரிந்துகொள்ள எனக்கு நாட்கள் எடுத்தன. அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. போர் வந்து, காணியையும் வீட்டையும் விட்டு வெளியேறி, வயதுபோன காலத்தில் அந்நிய நாட்டில் மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஒரு மனிதனின் கதையை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பியானோவை விட்டவர்

வினோகிராட்ஸ்கி 1856 ஆம் ஆண்டு, அப்போது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த உக்ரைனின் கீவ் நகரில் பிறந்தார். குடும்பம் வசதியானது. கீவ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார், பிடிக்கவில்லை. இயற்கை விஞ்ஞானத்துக்கு மாறினார், அங்கும் மனம் ஒன்றவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென் பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரியில் பியானோ கற்கப் போனார். அங்கே அவருக்குக் கற்பித்தவர் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பியானோ ஆசிரியர்களில் ஒருவரான தியோடர் லெஷெற்றிட்ஸ்கி.

இரண்டு ஆண்டுகளில் அதையும் விட்டார். 1877 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் இயற்கை விஞ்ஞானத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை தாவரவியலாளர் ஃபாமின்ட்சினின் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் அமர்ந்தபின் எழும்பவில்லை. எங்கள் ஊரில் இப்படி மூன்று தடவை படிப்பை மாற்றிய பிள்ளையை என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பணம் இருந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகைதான் அது. ஆனால் அந்தச் சலுகை வீணாகவில்லை.

கந்தகம் தின்னும் இழைகள்

1885 இல் அவர் ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்குப் போனார். இன்று பிரான்சில் இருக்கும் அந்த நகரம் அப்போது ஜேர்மனியின் கையில் இருந்தது. அங்கே அன்ரன் டி பாரி என்ற புகழ்பெற்ற தாவரவியலாளரின் ஆய்வுகூடம் இருந்தது. வினோகிராட்ஸ்கி எடுத்துக்கொண்ட உயிர் பெஜியட்டோவா. கந்தக ஊற்றுகளில், அழுகிய முட்டை மணக்கும் நீரில், வெள்ளை நூல்போல மிதக்கும் பற்றீரியா அது. அதன் உடலுக்குள் பளபளக்கும் சிறு கந்தக உருண்டைகள் இருப்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. அவை ஏன் இருக்கின்றன என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அவருடைய முறை மிக எளிமையானது. கண்ணாடித் தகட்டில் ஒரு துளி நீர், அதற்குள் சில இழைகள். ஐதரசன் சல்பைட்டு உள்ள நீரைக் கொடுத்தால் இழைகளுக்குள் கந்தக உருண்டைகள் நிறைகின்றன. அந்த நீரை நிறுத்தினால் உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து மறைகின்றன, நீரில் சல்பேற்று கூடுகிறது. மறுபடி கொடுத்தால் மறுபடி நிறைகின்றன. தொடர்ந்து நிறுத்திவைத்தால் இழைகள் பட்டினியால் சாகின்றன. மணிக்கணக்காக, நாட்கணக்காக ஒரே இழையைப் பார்த்துக்கொண்டிருந்துதான் அவர் இதைக் கண்டார்.

இதன் பொருளை 1887 இல் வெளியிட்டார். நாங்கள் சோற்றை எரித்துச் சக்தி பெறுவதுபோல, இந்த உயிர் ஐதரசன் சல்பைட்டை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துச் சக்தி பெறுகிறது. கந்தகம் அதன் சேமிப்பு அறை. அடுத்த ஆண்டு இரும்புப் பற்றீரியாக்களைப் பற்றி எழுதினார். ஊற்றுகளிலும் வாய்க்கால்களிலும் துருநிறத்தில் படியும் களிக்குள் இருக்கும் அந்த உயிர்கள், நீரில் கரைந்த இரும்பைத் துருவாக மாற்றி அதிலிருந்தே வாழ்கின்றன என்றார். இரும்பைப் பற்றிய அவருடைய சில முடிவுகள் மீது பின்னர் நீண்ட விவாதம் நடந்தது. அவர் ஆராய்ந்த அதே இனம் உண்மையில் இரும்பில்தான் வாழ்கிறதா என்பதை நிரூபிப்பது கடினமாக இருந்தது. ஆனால் இரும்பை எரித்து வாழும் பற்றீரியாக்கள் உண்டு என்ற அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

1888 இன் தொடக்கத்தில் டி பாரி இறந்துவிட, வினோகிராட்ஸ்கி சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்கு மாறினார். அவருடைய வாழ்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது.

எதுவும் கொடுக்காமல் வளர்ந்த உயிர்

மண்ணில் எருவைப் போட்டால் அது காலப்போக்கில் நைத்திரேற்றாக மாறும் என்பது விவசாயிகளுக்கும் வெடிமருந்து செய்பவர்களுக்கும் நூற்றாண்டுகளாகத் தெரிந்த விடயம். வெடிமருந்தின் முக்கிய மூலப்பொருளான வெடியுப்பு அப்படித்தான் கிடைத்தது. 1877 இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள், கழிவுநீரை மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாக வடியவிட்டு, இந்த மாற்றத்தைச் செய்வது உயிர்கள் என்று காட்டினார்கள். குளோரோபோம் ஆவியைக் கொடுத்ததும் மாற்றம் நின்றுபோனது. ஆனால் அந்த உயிர் எது என்று யாராலும் பிடித்துக் காட்ட முடியவில்லை.

காரணம் எளியது. அந்தக் காலத்தில் பற்றீரியாவைப் பிரித்தெடுக்க எல்லோரும் கையாண்டது றொபேர்ட் கொக்கின் முறை. ஜெலற்றின், இறைச்சிச் சாறு போன்ற சத்தான உணவை ஊட்டி வளர்ப்பார்கள். மண்ணை அதில் தூவினால் ஆயிரக்கணக்கான பற்றீரியாக்கள் முளைக்கும். தேடிய உயிர் மட்டும் அதில் இருக்காது.

வினோகிராட்ஸ்கி எதிர்த்திசையில் யோசித்தார். உணவைக் கூட்டாமல், எல்லா உணவையும் எடுத்துவிட்டார். அமோனியா உப்பு, சில கனிமங்கள், சுண்ணாம்பு போன்ற காபனேற்றுத் தூள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத நீரில் சிறிது மண்ணைப் போட்டார். வழக்கமான பற்றீரியாக்களுக்கு அங்கே தின்ன ஒன்றுமில்லை. நீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் அமோனியா குறைந்துகொண்டே வந்தது. உயிர் எங்கே என்று தேடியபோது, அது குடுவையின் அடியில், காபனேற்றுத் துணிக்கைகளின் மேல் ஒட்டிக்கொண்டு இருந்தது. தான் உண்டாக்கிய அமிலத்தால் அந்தத் துணிக்கைகளை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது.

இந்தக் காட்சி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு குடுவைக்குள் ஒரு சுண்ணக்கல் குகையையே அவர் அறியாமல் உண்டாக்கி வைத்திருந்தார். இருட்டு, நீர், சுண்ணாம்பு, அதன்மேல் ஓர் உயிர்.

1890 இல் தொடங்கி அவர் வெளியிட்ட ஆய்வுகள் இரண்டு விடயங்களை நிலைநாட்டின. முதலாவது, அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. ஒரு வகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகிறது. அவற்றைத் தனித்தனியே வளர்க்க, சத்து எதுவுமில்லாத சிலிக்கா ஜெல் தகடுகளைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் வாரிங்டன், ஃபிராங்லண்ட் தம்பதியர் ஆகியோரும் அதே காலத்தில் இதே கேள்வியோடு போராடிக்கொண்டிருந்தார்கள். தெளிவான விடை வினோகிராட்ஸ்கியிடமிருந்து வந்தது.

இரண்டாவது விடயம் இன்னும் பெரியது. குடுவைக்குள் உயிர்ப்பொருள் பெருகியிருந்தது. அதிலுள்ள காபன் எங்கிருந்து வந்தது? உள்ளே போட்டதில் காபன் இருந்த ஒரே பொருள் காபனேற்று. அப்படியென்றால் இந்த உயிர், பச்சிலைகள் செய்யும் வேலையைச் சூரியவெளிச்சம் இல்லாமல் இருட்டிலேயே செய்கிறது. அமோனியாவை எரித்துப் பெற்ற சக்தியைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்து தன் உடலைக் கட்டுகிறது. ஒளித்தொகுப்பு மட்டுமே உயிரின் அடித்தளம் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. இதைத்தான் இன்று இரசாயனத்தொகுப்பு என்கிறோம்.

இந்தக் கதை அங்கேயே முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2015 இல், இரண்டு படிகளையும் தானே செய்யும் ஒரு பற்றீரியா கண்டுபிடிக்கப்பட்டது. 125 ஆண்டுகள் நின்ற ஒரு விதிக்கு விலக்கு கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தவர்களும் தொடங்கியது வினோகிராட்ஸ்கி விட்ட இடத்திலிருந்துதான்.

ஊருக்குத் திரும்பியவர்

1891 இல் அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. லூயி பாஸ்டரின் நிறுவகத்தில் சேரப் பாரிசிலிருந்து அழைப்பு வந்தது. சென் பீற்றர்ஸ்பேர்க்கில் புதிதாகத் தொடங்கப்பட்ட பரிசோதனை மருத்துவ நிறுவகமும் அழைத்தது. அவர் நாட்டுக்குத் திரும்பினார். அதே நிறுவகத்தில் உடற்றொழிலியல் பிரிவில் இருந்தவர் இவான் பவ்லோவ். நாய்களை வைத்துச் செய்த ஆய்வுகளால் பின்னர் உலகப் புகழ் பெற்றவர். அங்கே வினோகிராட்ஸ்கி, காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும், ஒட்சிசன் தேவையில்லாத ஒரு பற்றீரியாவைக் கண்டுபிடித்து அதற்குப் பாஸ்டரின் பெயரையே வைத்தார். பிறகு அந்த நிறுவகத்தின் பணிப்பாளரானார். நிர்வாக வேலை கூடியது, உடல்நலம் கெட்டது. 1900களின் நடுப்பகுதியில் வேலையை விட்டு, உக்ரைனில் இருந்த குடும்பக் காணிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். பயிர், காடு, காணி நிர்வாகம் என்று காலம் போனது. நுண்ணங்கி விஞ்ஞானத்தின் முன்னணியில் நின்ற மனிதர் 15 ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் துறையில் இல்லாமலே போனார். அவர் இறந்துவிட்டார் என்று நினைத்தவர்கள்கூட இருந்திருக்கலாம்.

1917 இல் ரஷ்யப் புரட்சி வந்தது. அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் உக்ரைன் மாறி மாறிப் பல படைகளின் கையில் சிக்கியது. காணி போயிற்று. அறுபது வயதைத் தாண்டியிருந்த வினோகிராட்ஸ்கி நாட்டை விட்டு வெளியேறினார். சுவிற்சர்லாந்து, பின்னர் பெல்கிரேட். பெல்கிரேட் பல்கலைக்கழகம் ஒரு பதவி கொடுத்தது, ஆனால் அவருக்கென்று சொல்லத்தக்க ஆய்வுகூடம் இல்லை. நூலகத்தில் பற்றீரியாவியல் சஞ்சிகை ஒன்றின் பழைய தொகுதிகள் இருந்தன. அவர் அவற்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். தான் இல்லாத ஆண்டுகளில் துறையில் என்ன நடந்தது என்பதைப் பக்கம் பக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

நான் அறிந்த ஆசிரியர்கள் சிலரும் இப்படித்தான் இருந்தார்கள். இடம்பெயர்ந்த இடத்தில் கரும்பலகை இல்லை, ஆய்வுகூடம் இல்லை. யாரோ மூட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்த ஒரு பாடப்புத்தகம் மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு உயர்தர வகுப்பு நடத்தினார்கள். அது வீரமாக அப்போது தெரியவில்லை. வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மீண்டும் தொடங்கிய 1922

31 ஆண்டுகளுக்கு முன் ஏற்காமல் விட்ட பாரிஸ் அழைப்பு 1922 இல் மறுபடி வந்தது. பாஸ்டர் இறந்து நீண்ட காலமாகியிருந்தது. நிறுவகத்தை எமில் ரூ நடத்திக்கொண்டிருந்தார். பாரிசிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில், பிரி-கோம்ற்-றொபேர்ட் என்ற சிற்றூரில் விவசாய நுண்ணங்கியியல் பிரிவு ஒன்று அவருக்காகத் தொடங்கப்பட்டது. மற்றவர்கள் ஓய்வூதியம் எடுக்கும் வயதில் அவர் வேலை தொடங்கினார். மகள் எலனும் பின்னர் அவரோடு ஆய்வில் இணைந்து நைத்திரேற்று உண்டாக்கும் பற்றீரியாக்களைப் பற்றி எழுதினார்.

இந்த இரண்டாவது வாழ்வில் அவர் ஒரு கேள்வியை விடாமல் எழுப்பினார். ஆய்வுகூடத்தில் கொழுத்த உணவு ஊட்டி வளர்க்கும் பற்றீரியாவைப் பார்த்து, மண்ணில் அது என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? வயலில் ஒன்றும், தகட்டில் வேறொன்றும் நடக்கலாம் அல்லவா? மண்ணை மண்ணாகவே நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும் என்றார். மண்ணில் இரண்டு வகைக் கூட்டங்கள் இருப்பதை 1920களில் விளக்கினார். புது உணவு விழுந்ததும் திடீரெனப் பெருகி, அது தீர்ந்ததும் அடங்கிவிடுபவை ஒரு வகை. குறைந்ததைக் கொண்டு, அவசரப்படாமல், எப்போதும் அங்கேயே இருப்பவை இன்னொரு வகை. தகட்டில் வளர்த்துப் பார்ப்பவர்கள் முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு முழு மண்ணையும் அறிந்ததாக நினைக்கிறார்கள் என்பது அவருடைய குறை.

அந்தக் கருத்து எங்கெல்லாமோ போய்ச் சேர்ந்தது. 1924 இல் ரோம் நகரில் றெனே டூபோ என்ற இளைஞர் ஒரு விவசாயச் சஞ்சிகையில் வினோகிராட்ஸ்கியின் கட்டுரையை வாசித்தார். நுண்ணங்கிகளை அவை வாழும் இடத்திலேயே படிக்கவேண்டும் என்ற அந்த எண்ணம் அவரை நுண்ணங்கியியலுக்குள் இழுத்தது. பின்னர் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனிடம் படித்து, மண் பற்றீரியாவிலிருந்து கிருமிகொல்லி மருந்து ஒன்றை 1939 இல் பிரித்தெடுத்தார். காசநோய்க்கு எதிரான ஸ்ற்ரெப்ரோமைசின் 1943 இல் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அந்த வாக்ஸ்மன்தான், உக்ரைனில் பிறந்து அமெரிக்கா போனவர், பின்னாளில் வினோகிராட்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

1940 இல் ஜேர்மனியப் படைகள் பிரான்சைக் கைப்பற்றியபோது வினோகிராட்ஸ்கிக்கு 83 வயது. இன்னொரு போர். இந்தத் தடவை அவர் எங்கும் ஓடவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தையும் அதே ஊரில் கழித்தார். தன் வாழ்நாள் ஆய்வுகளையெல்லாம் திரட்டி, மண் நுண்ணங்கியியல் பற்றிய பெரிய நூலாக 1949 இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 92 வயது. 1953 பெப்ரவரியில், 96 ஆவது வயதில், அங்கேயே இறந்தார். பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவில்லை.

குகைகள் சொன்ன சாட்சி

அவர் இறந்த பிறகுதான் அவருடைய கண்டுபிடிப்பின் முழு அளவு தெரியவந்தது. 1977 இல் பசுபிக் கடலடியில், கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, கொதிநீர் ஊற்றுகளைச் சுற்றிப் பெரும் உயிர்க்கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. சூரியன் எட்டாத ஆழம். ஐதரசன் சல்பைட்டை எரிக்கும் பற்றீரியாக்களே அங்கே எல்லோருக்கும் சோறு.

1986 இல் ருமேனியாவில், கருங்கடலுக்கு அருகே, ஒரு மின்நிலையத்துக்கு இடம் பார்த்து நிலத்தைத் தோண்டியபோது மொவிலே குகை திறந்தது. ஏறத்தாழ 55 இலட்சம் ஆண்டுகள் வெளியுலகத் தொடர்பில்லாமல் மூடிக்கிடந்ததாகக் கணிக்கப்படும் குகை அது. உள்ளே கந்தக நீரின் மேல் பற்றீரியாப் படலங்கள். அவற்றைத் தின்னும் பூச்சிகள், அந்தப் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகளும் பூரான்களும். வேறெங்கும் இல்லாத 30 க்கும் மேற்பட்ட இனங்கள் அங்கே வாழ்கின்றன. இத்தாலியின் ஃபிரசாசிக் குகைகளில் கந்தகப் பற்றீரியாக்கள் சல்பூரிக்கமிலத்தை உண்டாக்கிச் சுண்ணக்கல்லை அரித்துக் குகையையே பெரிதாக்குகின்றன.

கந்தகம் இல்லாத சாதாரணச் சுண்ணக்கல் குகைகளின் கதை இன்னும் நுட்பமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கார்ட்ச்னர் குகையின் கற்படிவுகளில் வாழும் நுண்ணங்கிகளின் மரபணுக்களை மொத்தமாக வாசித்த ஓர் ஆய்வு 2014 இல் வெளியானது. மேலேயுள்ள பாலைவன மண்ணிலிருந்து கசியும் நீர் கொண்டுவரும் உணவு மிகச் சொற்பம். அந்தப் பட்டினியில் அங்குள்ள உயிர்கள் தாமே காபனீரொட்சைட்டைப் பிடித்து உடல் கட்டுவதற்கான அடையாளங்கள் கிடைத்தன. சக்திக்கு அவை நம்பியிருப்பவற்றில் முக்கியமானது நைதரசன் சேர்வைகளை எரிக்கும் வேலை. சூரிச் குடுவையின் அடியில் காபனேற்றின் மேல் ஒட்டியிருந்த அதே தொழில்.

துளிநீரில் உள்ள பற்றீரியாக்கள் கல்லைக் கரைப்பது மட்டுமல்ல, கட்டவும் செய்கின்றன. பலவகைப் பற்றீரியாக்கள் தம்மைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையைக் குறைக்கின்றன. அவற்றின் உடற்சுவர் கல்சியத்தை இழுத்துப் பிடிக்கிறது. அங்கே முதல் பளிங்கு பிறக்கிறது. மண் பற்றீரியாக்களில் இந்தச் சுண்ணாம்பு உண்டாக்கும் திறன் விதிவிலக்கு அல்ல, பொதுவானது என்று ஸ்பானிய ஆய்வாளர்கள் 1973 இல் காட்டினார்கள். குகைச் சுவர்களில் தயிர்போல மென்மையாகப் படியும் வெள்ளைச் சுண்ணாம்பிலும், இரும்பும் மங்கனீசும் சேர்ந்து படியும் கறுப்பு, செங்கபிலப் பூச்சுகளிலும் அவற்றின் கைவேலை இருக்கிறது. ஒரு கல்லூசியில் எவ்வளவு பங்கு வெறும் இரசாயனம், எவ்வளவு பங்கு உயிர் என்பது குகைக்குக் குகை மாறும்.

எங்கள் கிணற்றடி

இவையெல்லாம் தொலைவில் உள்ளவை போலத் தெரியும். ஆனால் இந்தத் தீவிலும் இதே உயிர்களின் வேலைக்குச் சான்று உண்டு. கண்டி இராச்சியத்தின் மலைகளில் வெடியுப்புக் குகைகள் இருந்தன. 1816 முதல் 1820 வரை இலங்கையில் பிரித்தானிய இராணுவ மருத்துவராக இருந்த ஜோன் டேவி அவற்றை நேரில் பார்த்து 1821 இல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். வௌவால் எச்சம் அழுகி அமோனியாவாகி, பற்றீரியாக்களால் நைத்திரேற்றாகிக் குகை மண்ணில் சேர்ந்தது. அந்த மண்ணை எடுத்துச் சாம்பலோடு சேர்த்துக் கரைத்துக் காய்ச்சினார்கள். வெடிமருந்து பிறந்தது. வினோகிராட்ஸ்கி பெயரிடும்வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த அந்த உயிர்கள் அதற்கு முன்பே எத்தனையோ போர்களுக்கு உழைத்துவிட்டன.

யாழ். குடாநாட்டில் அவை இன்றும் வேலை செய்கின்றன. எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணக்கல். நீர் அரித்த வெடிப்புகளும் பொந்துகளும் அதற்குள் நிறைய. நிலாவரைக் கிணறு அப்படிக் கல் கரைந்து உண்டான ஒரு பெரும் பள்ளம்தான். மேலேயுள்ள மண்படை பல இடங்களில் மெல்லியது. தோட்டத்தில் போடும் யூரியாவும், மாட்டெருவும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் மண்ணில் அமோனியாவாகின்றன. அதை வினோகிராட்ஸ்கியின் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் எடுத்தது போக மிஞ்சியது மழையோடு நேராகக் கிணற்றுக்கு இறங்குகிறது. நைத்திரேற்றை மண் பிடித்துவைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் 1 லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை நைத்திரேற்று இருக்கலாம் என்கிறது. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டுவதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. கூடிய நைத்திரேற்று உள்ள நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையலாம். பெரும்பாலான வீடுகளில் நாங்கள் செய்வது தண்ணீரைக் கொதிக்கவைப்பது. அது கிருமிகளைக் கொல்லும். நைத்திரேற்றைப் போக்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு இன்னும் கூடும். மீள்குடியேறிய கிராமங்களில் நீண்ட காலம் இறைக்காமல் கிடந்த கிணறுகளைத் துப்புரவாக்கிவிட்டுக் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். கலங்கல் இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் என்று நாங்கள் நம்புகிறோம். நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வினோகிராட்ஸ்கியின் பற்றீரியாக்கள் எங்களுக்கு எதிரியும் அல்ல, நண்பனும் அல்ல. கொடுத்ததை மாற்றித் தருகின்றன, அவ்வளவுதான். அவற்றால்தான் தோட்டத்தில் வெங்காயம் விளைகிறது. அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் அவை அதே ஒழுங்கோடு அதையும் நைத்திரேற்றாக்கிக் கிணற்றில் சேர்த்துவிடும். யூரியாவை எவ்வளவு போடுவது, மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் வெட்டுவது, குழந்தை உள்ள வீட்டின் கிணற்று நீரை எப்போது பரிசோதிப்பது என்பவை எங்கள் கையில் இருக்கும் முடிவுகள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் நீர் மாதிரியைப் பரிசோதிக்க வழி சொல்வார். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர் இந்த வாரமே கேளுங்கள்.